பெங்களூரில் பிளம்ஸ் வைக்கலாமா? பறித்ததும் தின்ன இனிப்பான ரகம் எது?

ஹொரமாவு தோட்டக்காரன் (ஜூன் 9)

வணக்கம். ஹொரமாவில் சொந்த வீடு. பின்பக்கம் பன்னிரண்டு அடிக்குப் பதினைந்து அடி மண் தரை சும்மா கிடக்கிறது. காலை வெயில் நன்றாக விழும். அதில் ஒரு பிளம்ஸ் மரம் வைக்க வேண்டும்.

போன மாதம் கோத்தகிரியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்துத் தோட்டத்து மரத்தடியில் விழுந்து கிடந்த பழம் ஒன்றை என் மகள் எடுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கடித்தாள். ஏழு வயது. சாறு முழங்கை வரை வழிந்தது. அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டு இன்னும் மூன்று தின்றாள். ஊர் திரும்பியதும் அதே சிவப்பில் கடையில் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பிவிட்டாள். "இது அது இல்லப்பா" என்றாள். நானும் தின்று பார்த்தேன். அவள் சொன்னது சரி.

இரண்டு வருடம் முன்பு இங்கே ஒரு நர்சரியில் 'ஜப்பான் பிளம்' என்று சொல்லி ஒரு கன்று கொடுத்தார்கள். தொட்டியில் ஐந்து அடி வளர்ந்திருக்கிறது, இன்னும் பூக்கவில்லை. அதைத் தரையில் மாற்றி வைக்கலாமா, இல்லை வேறு ரகம் வாங்க வேண்டுமா? எனக்கு ஜாம் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம். மரத்திலிருந்து பறித்து அப்படியே தின்ன வேண்டும்.

அல்சூர் மாடித்தோட்டம் (ஜூன் 9)

தம்பி, உங்கள் கன்றின் இலை எப்படி இருக்கிறது? ஒரு சாண் நீளமா, தடிப்பா, மேலே கோடு கோடாக வரிந்து, அடியில் பஞ்சு மாதிரி இருக்கிறதா? குளிர்காலத்தில் இலை கொட்டியதா?

ஹொரமாவு தோட்டக்காரன் (ஜூன் 9)

அப்படியேதான் இருக்கிறது அக்கா. இலை கொட்டவே இல்லை.

அல்சூர் மாடித்தோட்டம் (ஜூன் 10)

அப்படியானால் அது பிளம்ஸ் இல்லை, லோக்காட். ஜப்பான் பிளம் என்ற பெயர் அதற்கும் உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம். மஞ்சளாக, கொத்தாக, உள்ளே வழவழப்பான பெரிய விதைகளோடு காய்க்கும். நிஜமான பிளம்ஸ் இலை மெல்லியது, விரல் நீளம்தான், ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும்.

வெட்டிப் போட்டுவிடாதீர்கள். லோக்காட் பெங்களூரில் நன்றாகவே காய்க்கும். என்னிடம் ஒரு மரம் இருக்கிறது, பழுத்த பிறகு பறித்தால் புளிப்பும் இனிப்புமாக அருமையாக இருக்கும். ஆனால் உங்கள் மகள் கேட்கிற பழம் அது இல்லை.

லூதியானா நினைவுகள் (ஜூன் 10)

நான் லூதியானாவில் தோட்டக்கலை படித்தவன், இப்போது பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறேன். ரகம் எது என்று கேட்பதற்கு முன்னால் குளிர் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

பிளம்ஸ் இலை உதிர்க்கும் மரம். குளிர்காலத்தில் தூங்கும். அந்தத் தூக்கம் கலைந்து மொட்டு ஒழுங்காக விரிய, 7 டிகிரிக்கும் கீழே இத்தனை மணி நேரம் இருந்தாக வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சான்டா ரோசாவுக்குச் சுமார் 300 முதல் 400 மணி நேரம். மெத்லி என்ற ரகத்துக்கு 150 முதல் 250 போதும் என்பார்கள். பெங்களூரில் ஜனவரி இரவு சராசரியாக 15, 16 டிகிரி. இந்த ஊரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். அதாவது அந்தக் கணக்கில் நமக்குக் கிடைப்பது பூஜ்ஜியம்.

குளிர் போதாத மரம் செத்துப் போகாது. கிளை நுனியில் மட்டும் இலை விடும், நடுவில் மொட்டையாக நிற்கும். பூ நாலு இன்றைக்கு, இரண்டு அடுத்த மாதம் என்று வரும். காய் பிடிக்காது.

இங்கே சில நர்சரிகளில் 'சட்லஜ் பர்ப்பிள்', 'காலா அமிர்தசரி' என்று பஞ்சாப் ரகங்கள் வருகின்றன. இரண்டும் நல்ல ரகங்கள்தான். சட்லஜ் பர்ப்பிள் பறித்துத் தின்ன ஏற்றது, மே முதல் வாரத்திலேயே பழுத்துவிடும். ஆனால் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, பக்கத்தில் காலா அமிர்தசரி வேண்டும். சமவெளி ரகம் என்று சொல்லி விற்பதை நம்பி இங்கே வாங்கிவிடாதீர்கள். அது பஞ்சாப் சமவெளி. அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு படித்திருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்ட் வேர்கள் (ஜூன் 11)

மேலே சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அன்னா ஆப்பிளுக்கும் குளிர் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். பெங்களூரில் எத்தனை வீடுகளில் காய்க்கிறது என்று இந்தக் குழுவிலேயே படம் இருக்கிறது. வெப்பமான ஊர்களில் இலையைக் கையால் உருவிவிட்டு, தண்ணீரைக் குறைத்து, மரத்தை ஏமாற்றிப் பூக்க வைக்கிறார்கள். இந்தோனேசியாவில் ஆப்பிள் தோட்டமே அப்படித்தான் நடக்கிறது.

என்னிடம் ஆறு வருடத்து மெத்லி ஒன்று தரையில் இருக்கிறது. இரண்டு வருடமாக டிசம்பரில் இலை உருவுகிறேன். முதல் வருடம் பூ மட்டும் வந்தது. இந்த வருடம் ஏழு பழம். அதில் இரண்டு அணிலுக்கு, ஒன்றில் பழ ஈ. மீதி நான்கையும் நாங்கள் தின்றோம், நன்றாகவே இருந்தன. மெத்லி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் ஒற்றை மரமே போதும்.

லூதியானா நினைவுகள் (ஜூன் 11)

ஏழு பழம் வந்ததில் எனக்கும் சந்தோஷம், நிஜமாகச் சொல்கிறேன். அடுத்த வருடக் கணக்கையும் இங்கே எழுதுங்கள், நமக்கு அது தேவை. ஆனால் ஒரு குழந்தைக்குத் தின்னப் பழம் வேண்டும் என்று கேட்கிற ஒருவருக்கு ஆறு வருடத்தில் ஏழு பழம் என்பதை வழியாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று: தூக்கம் கலைக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்து அடிக்கலாம் என்று எங்காவது படித்துவிட்டு வீட்டு மரத்தில் முயற்சி செய்யாதீர்கள். அது நஞ்சு. அடித்தவர் அன்றைக்கு மது குடித்தால் உடம்பு மிக மோசமாகும். குழந்தை விளையாடும் முற்றத்தில் அதற்கு வேலையே இல்லை.

பழக்கடை சிவாஜிநகர் (ஜூன் 12)

மரம் பற்றி எனக்குத் தெரியாது. பழம் பற்றித் தெரியும், முப்பது வருடமாக இதே தொழில். சார், உங்கள் பாப்பா துப்பிய பழத்தின் ரகம் மட்டம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது ஹிமாசலப் பழமாகத்தான் இருக்கும், இந்த மாதங்களில் வருவது அதுதான். அங்கிருந்து இங்கே லாரியில் வர வேண்டும். கனிந்த பழத்தை அனுப்பினால் பெட்டியில் கஞ்சிதான் வரும். அதனால் நிறம் திரும்பியதும் கல் மாதிரி இருக்கும்போதே பறிக்கிறார்கள்.

மாம்பழம், வாழைப்பழத்தில் மாவு இருக்கும், வீட்டில் வைத்தால் அது சர்க்கரையாக மாறும். பிளம்ஸில் அந்த இருப்பு கிடையாது. பறித்த அன்று என்ன சர்க்கரையோ அதோடு சரி. வைத்தால் மெத்தென்று ஆகும், வாசனை வரும், புளிப்பு கொஞ்சம் இறங்கும். இனிப்பு ஏறாது.

இன்னொரு தவறு வீட்டில் நடக்கிறது. கல்லாக இருக்கிற பழத்தை வாங்கிப் போனதும் ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் நாலைந்து டிகிரியில் ஓடும். பிளம்ஸுக்கும் பீச்சுக்கும் அந்த அளவுதான் ஆகவே ஆகாது. சில நாள் இருந்தால் உள்ளே பழுப்பாகி, மாவு மாதிரி சப்பென்று போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காகிதப் பையில் போட்டு வெளியே வையுங்கள், கூட ஒரு வாழைப்பழம். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அதற்குப் பிறகு வேண்டுமானால் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் தின்னுங்கள். மேலே வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும், சிலர் அதை மருந்து என்று பயப்படுகிறார்கள். அது பழத்தின் சொந்த மெழுகு. அது கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று அர்த்தம்.

ஹொரமாவு தோட்டக்காரன் (ஜூன் 14)

எல்லோருக்கும் நன்றி. லோக்காட்டை இன்று தரையில் வைத்துவிட்டேன். பழக்கடை அண்ணா சொன்னபடி மீதியிருந்த பழத்தை இரண்டு நாள் வெளியே வைத்துக் கொடுத்தேன். இந்த முறை துப்பவில்லை, ஆனால் தோலை மட்டும் ஒதுக்கிவிட்டாள்.

பெங்களூரில் பிளம்ஸ் என்ற எண்ணத்தை விட்டுவிடுகிறேன். மாமனாருக்குக் கோத்தகிரியில் 30 சென்ட் இருக்கிறது. முன்பு கேரட் போட்டார், இப்போது முடியவில்லை. அங்கே நான்கைந்து மரம் வைத்தால்? கேள்வி அதேதான்: பறித்துத் தின்ன இனிப்பான ரகம் எது?

கோத்தகிரி மண்வாசம் (ஜூன் 14)

இழையை இன்றுதான் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பழ மரம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகள் தோலை ஒதுக்கியது பற்றி. பிளம்ஸில் புளிப்பு ஒரே சீராக இருக்காது. தோலிலும் கொட்டையை ஒட்டியும் அதிகம், நடுச் சதையில் குறைவு. சான்டா ரோசாவைப் புளிப்பு ரகம் என்று பலர் சொல்வது இதனால்தான். அதில் சர்க்கரைக்குக் குறைவில்லை, வாசனைக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் தோல் சுள்ளென்று இருக்கும். இனிப்பான பிளம்ஸ் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் புளிப்பு குறைந்த பிளம்ஸையே சொல்கிறோம். சட்சுமா, மாரிபோசா என்ற ரகங்களில் உள்ளேயும் ரத்தச் சிவப்பு, சதை கெட்டி, புளிப்பு அடக்கம். குழந்தைகளுக்கு அவை பிடிக்கும். கெல்சி பழுத்தாலும் வெகுநாள் பச்சையாகவே இருக்கும். காய் என்று நினைத்து யாரும் தொட மாட்டார்கள், கடித்தால் இனிக்கும். ஷைரோ மஞ்சள், சாறு அதிகம், மென்மையான ருசி.

பெயரெல்லாம் ஜப்பான் மாதிரியும் அமெரிக்கா மாதிரியும் கலந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பான் பிளம்ஸ் என்கிறோம், மரத்தின் பூர்வீகம் சீனா. ஜப்பான் வழியாக அமெரிக்காவுக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1885இல் லூதர் பர்பாங்க் ஜப்பானிலிருந்து கன்றுகளை வரவழைத்துக் கலிபோர்னியாவில் ஒட்டும் கலப்புமாக எத்தனையோ ரகம் உண்டாக்கினார். சான்டா ரோசா அவர் ஊரின் பெயர், 1906இல் வெளியிட்டார். மெத்லி தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. உலர்த்திக் கருப்பாக விற்கிறார்களே, அது ஐரோப்பியப் பிளம்ஸ், வேறு இனம். இரண்டும் ஒன்றுக்கொன்று மகரந்தம் தந்து காய்க்காது.

இப்போது நம் மலைக்கு வருவோம். கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஊட்டி 2,240. ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி விழும், எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஹிமாசலத்தில் நன்றாக வருகிறது என்பதற்காக எல்லாம் இங்கே வராது. எலிஃபன்ட் ஹார்ட் மாதிரி நிறையக் குளிர் கேட்கும் ரகத்தை மறந்துவிடுங்கள். நீலகிரிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் ரூபியோ, ஹேல், கவியோட்டா ஆகியவை இங்கே பழகியவை. எங்கள் தோட்டத்தில் இருப்பதில் கவியோட்டாதான் எனக்குப் பிடித்தது, பெரிய பழம், மஞ்சள் சதை, நல்ல இனிப்பு.

மழையையும் பாருங்கள். பழம் முற்றும் கடைசி இரண்டு மூன்று வாரத்தில்தான் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் விடாமல் மழை பெய்தால் பழம் வெடிக்கும், ருசி தண்ணீராகிவிடும். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா கொஞ்சம் தடுத்துவிடுவதால் கோத்தகிரிக்கு ஜூன் மழை குறைவு, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது. இது பிளம்ஸுக்கு வரம். இருந்தாலும் மே கடைசிக்குள் முடிந்துவிடும் ரகமாகப் பார்த்து வைப்பது நல்லது.

காய் கலைப்பதை யாரும் செய்வதில்லை, மனம் வராது. கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு காய் விட்டு மற்றதைக் கிள்ளிப் போட வேண்டும். என் அப்பா செய்யும்போது அம்மா வீட்டுக்குள் போய்விடுவார், பார்க்கவே மாட்டார். ஆனால் கிள்ளாத மரத்துப் பழத்தையும் கிள்ளிய மரத்துப் பழத்தையும் பக்கத்தில் வைத்துத் தின்றால் இரண்டும் ஒரே ரகம் என்று நம்ப மாட்டீர்கள்.

லூதியானா நினைவுகள் (ஜூன் 14)

அருமையான பதிவு. ஒரே ஒரு மாற்றுக் கருத்து. புளிப்பே இல்லாத பிளம்ஸ் ருசிக்காது. சட்சுமா வகை இரண்டு தின்றால் திகட்டும். சான்டா ரோசா மரத்திலேயே கனிந்து, கை வைத்ததும் காம்பிலிருந்து கழன்று வந்தால், அந்தத் தோல் புளிப்புதான் அதற்கு உயிர். நான்கு மரம் வைப்பவர் அதில் ஒன்றையாவது சான்டா ரோசாவாக வைக்க வேண்டும். மாரிபோசா தனியாகக் காய்க்காது, அதற்கு மகரந்தம் தரவும் சான்டா ரோசா உதவும்.

கோத்தகிரி மண்வாசம் (ஜூன் 15)

ருசி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை சார், எனக்கும் அந்தப் புளிப்பு பிடிக்கும். ஆனால் இங்கே தின்னப் போவது ஏழு வயதுக் குழந்தை. அப்புறம், சான்டா ரோசா கேட்கும் குளிர் 1,800 மீட்டரில் எல்லா வருடமும் கிடைக்காது. எங்கள் மரம் ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஏமாற்றும். ஊட்டி உயரத்தில் இருந்தால் நானே வைக்கச் சொல்வேன்.

புதியவன் 78 (ஜூன் 15)

அந்தக் கொட்டையை முளைக்க வைத்தால் அதே பழம் வராதா?

அல்சூர் மாடித்தோட்டம் (ஜூன் 15)

வராது. விதையில் வருவது வேறு மரம், அப்பா யார் என்றே தெரியாது. அதே பழம் வேண்டுமென்றால் ஒட்டுதான். கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து சயனைடு உண்டாகும்.

இதை எழுதும்போதுதான் தோன்றியது. ஹொரமாவு தம்பி, உங்கள் மகளுக்குப் பிடித்த மரம் மாமனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறதே! நாம் ஏன் ரகம் தேடிக்கொண்டிருக்கிறோம்? அந்த மரத்திலேயே ஒட்டுக்குச்சி எடுக்கலாமே.

கோத்தகிரி மண்வாசம் (ஜூன் 15)

அக்கா சொன்னதுதான் சரியான வழி. எனக்கு இது தோன்றாமல் போனதே என்று இருக்கிறது. அந்த மரம் அதே மண்ணில், அதே உயரத்தில், அதே குளிரில் காய்த்துக் காட்டிவிட்டது. பெயர் எதுவாக இருந்தால் என்ன?

இப்போதே நாட்டு பீச் விதை போட்டுக் கன்று தயார் செய்யுங்கள், அல்லது வாங்குங்கள். அதுதான் இங்கே அடிக்கன்று, அதன் மேல்தான் குச்சியை ஒட்டுவோம். மரம் இலை உதிர்த்துத் தூங்கும் டிசம்பர் கடைசி, ஜனவரியில் போன வருடத்துத் தளிர்க் கிளையில் பென்சில் கனத்தில் குச்சி எடுத்து நாக்கு ஒட்டு கட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒரே மரத்துக் குச்சியில் கட்டிய ஐந்து மரமும் மகரந்தக் கணக்கில் ஒரே மரம்தான். பாட்டி வீட்டில் அதோடு சேர்ந்து பூக்கிற வேறு பிளம்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதிலும் இரண்டு குச்சி எடுங்கள்.

ஹொரமாவு தோட்டக்காரன் (மார்ச் 22)

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

ஜனவரி இரண்டாம் வாரம் போனோம். பாட்டிக்கு ரகம் தெரியவில்லை. "எங்க மாமனார் வெச்சது, குன்னூர்ல இருந்து கொண்டாந்தார்" என்றார். வேலி ஓரத்தில் மஞ்சளாகக் காய்க்கும் இன்னொரு மரம் இருக்கிறதாம், அதன் பழத்தை யாரும் தின்பதில்லை என்று சொன்னார். அதை வெட்டலாம் என்று அவர் மகன் பேசிக்கொண்டிருந்தார். கோத்தகிரி அண்ணா எழுதியதைப் படித்துக் காட்டினேன். வெட்டவில்லை.

சிவப்பு மரத்தில் ஆறு குச்சி, மஞ்சளில் இரண்டு. ஒட்டுக் கட்டுகிறவர் ஒருவரை மாமனார் அழைத்து வந்தார். இன்று காலை படம் அனுப்பியிருக்கிறார்: சிவப்பில் நான்கு துளிர்த்திருக்கிறது, மஞ்சளில் ஒன்று. மகள் ஐந்துக்கும் அட்டையில் பெயர் எழுதி வைத்திருக்கிறாள், மே மாதம் போகும்போது கட்ட வேண்டுமாம்.

பழம் வர மூன்று நான்கு வருடம் ஆகும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் பாட்டி மரம் இருக்கிறது என்றாள். இந்த வருடம் காய் கலைக்கும் நேரத்தில் பாட்டி ஒரு கிளையை மட்டும் எங்களுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் முதல் வாரம் போனால் கோலிக்குண்டு அளவு இருக்குமா, இல்லை தாமதமாகிவிடுமா? மண்வாசம் அண்ணா சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவேன்.

கோத்தகிரி மண்வாசம் (மார்ச் 22)

இந்த வருடம் பூ பத்து நாள் பிந்தியது. ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை வாருங்கள். நானும் கத்தரி எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்கு வருகிறேன். அந்த மஞ்சள் மரத்தையும் பார்க்க வேண்டும், எனக்கு அது ஷைரோவாக இருக்கும் என்று ஒரு சந்தேகம்.